ஊருக்கும் ஓர் ஆரம்ப இருப்பு

"சமூகவியல் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே சென்னை மாணவர்கள் சிலர் ஒரு பதிலை எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அப்போது இந்தியாவில் சமூகவியல் தனித்துறையாக வளரவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அத்துறை தொடங்கியதே 1919இல்தான். ஸ்லேட்டர் செய்தது எளிய காரியம். 1916இல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் விசாரித்து எழுதினார்கள். 1918இல் அது புத்தகமாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

அதோடு முடியவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆய்வு செய்து 1940இல் நூலாக வெளியிட்டார்கள். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டுக்கு 1961இலும், 1980களிலும், 2008இலும் உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1916இல் அங்கே கடனுக்காக ஒரே பண்ணையில் கட்டுண்டு உழைத்த படியாட்கள் இருந்தார்கள். 2008இல் அந்த முறை மறைந்திருந்தது. விவசாயத்துக்கு வெளியே பலர் பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் குறிப்பு இல்லாவிட்டால் இந்த மாற்றத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியுமா?

கணக்குப் பதிவில் ஆரம்ப இருப்பு தெரியாமல் வருடக் கடைசி இருப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஊருக்கும் அப்படித்தான். கங்கைகொண்டானில் இன்று சிப்காட் வளாகம் இருக்கிறது. அதற்கு முன்பு ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க 1916இன் குறிப்பு இருக்கிறது.

இப்போது வல்லம் வடகாலுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் உள்ள இந்த ஊரிலும் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. 2024 ஆகஸ்டில், 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு இங்கே திறக்கப்பட்டது. ஒரே வளாகத்துக்குள் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை! இங்கே உருவாகும் பொருள்கள் உலகச் சந்தைக்குப் போகின்றன. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்ற எண்கள் செய்திகளில் வந்துவிடும். நிலம் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்? நிலமே இல்லாமல் கூலிக்குப் போனவர்கள் இப்போது எங்கே போகிறார்கள்? விடுதியில் இருக்கும் பெண்ணின் சம்பளத்தில் வீட்டுக்குப் போவது எவ்வளவு, அவள் கையில் நிற்பது எவ்வளவு? இவற்றை யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

இந்தப் பதில்கள் உள்ளூருக்கு மட்டும் உதவுபவை அல்ல. விளைநிலம் தொழிற்பேட்டையாகும் எந்த நாட்டுக்கும் இவை தேவைப்படும்.

1916இல் இதற்குத் தேவைப்பட்டது ஒரு கேள்வித்தாளும் ஒரு விடுமுறையும்தான். வல்லம் வடகாலில் நிலத்தை உழுத தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.