துப்பாக்கித் துணைப்பொருள்கள் (மலேசியச் சட்டம்)

சைலன்சர், ஸ்கோப், லேசர், கைப்பிடி, உறை எனத் துப்பாக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தும் பொருள்கள் துணைப்பொருள்கள் எனப்படுகின்றன. இவை இல்லாமலும் துப்பாக்கி சுடும். மலேசியாவில் இவற்றுள் எது ஆயுதம், எது வெறும் பொருள் என்பதை 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு முடிவு செய்கிறது. சட்டம் விதிக்கும் தண்டனை கடுமையானது. வரையறையோ பல இடங்களில் விளக்கத்துக்கு இடம் விடுகிறது.

அவசரகாலப் பின்னணி

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன் விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, 1949இல் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவ்வாண்டு மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் துப்பாக்கியால் யாரையும் சுட்டதாக அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. கையில் இருந்ததே குற்றம் என்னும் இந்த அடிப்படை, பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்தது.

1960ஆம் ஆண்டு வரையறை

குண்டு பாய்ச்சக்கூடிய, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கக்கூடிய, உயிரைப் பறிக்கும் குழல் ஆயுதம் எதுவும் இச்சட்டப்படி ஆயுதமே. காற்றுத் துப்பாக்கியும் ஆயுதத்தின் உறுப்புப் பாகங்களும் இதில் அடங்கும். துணைப்பொருள்களில், சுடும்போது எழும் ஓசையையோ தீயொளியையோ குறைக்க வடிவமைத்தவை மட்டுமே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இது பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த வாசகம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே சொற்கள் உள்ளன.

தெளிவில்லாத இடங்கள்

சைலன்சரில் ஐயத்துக்கு இடமில்லை. குழல்வாயில் திருகும் மற்ற கருவிகளில்தான் சிக்கல். தீயொளியைச் சிதறடிக்கும் கருவி ஆயுதம். அதே புரியில் திருகி, பின்னுதைப்பை மட்டும் குறைக்கும் கருவி அவ்வாறு சொல்லப்படவில்லை. பார்வைக்கு இரண்டும் துளையிட்ட சிறு இரும்புக் குழாய்கள். இரண்டு வேலையையும் ஒருங்கே செய்யும் கருவிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன.

உறுப்புப் பாகம் எது என்பதும் பட்டியலிடப்படவில்லை. குழலும் விசையமைப்பும் பாகம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். மரக்கட்டைப் பிடியும் திருகாணியும் பாகமா என்று கேட்டால் வாதம் தொடங்கிவிடும். ஸ்கோப், லேசர் போன்றவை பொம்மைத் துப்பாக்கியிலும் அசல் துப்பாக்கியிலும் ஒரே வகைப் பொருத்துப் பட்டையில் பொருந்தக்கூடியவை.

பொம்மையும் தப்புவதில்லை. அசலைப் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்போர் ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவின் கீழ் விசாரிக்கப்படுகின்றனர்.

தண்டனை

உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். உரிமமில்லாத துப்பாக்கிக்கு எந்தச் சட்டத்தில் குற்றஞ்சாட்டுவது என்பது அரசுத் தரப்பின் முடிவு. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டபோது 1971ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. அந்தச் சீர்திருத்தத்தின் நோக்கம் தண்டனை; துணைப்பொருள் பற்றிய வரையறை அன்று.

பிற நாடுகளில்

உறுப்புப் பாகம் எது என்ற சிக்கலைப் பிரிட்டன் 2017இல் நாடாளுமன்றத்தில் தீர்த்தது. குழல், அறை, உடற்பகுதி, போல்ட் போன்ற பாகங்கள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டன. உயிரைப் பறிக்கும் ஆயுதம் என்பதற்குக் குழல்வாயில் 1 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் என்ற அளவும் வகுக்கப்பட்டது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 2017 லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பின், துப்பாக்கியை வேகமாகச் சுடச்செய்யும் ‘பம்ப் ஸ்டாக்’ கருவியை இயந்திரத் துப்பாக்கி என்று அரசுத் துறை விதியால் தடை செய்தது. சட்டத்தின் சொற்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்று 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை ரத்து செய்தது.

சிலாங்கூரில் நடைமுறை

மலேசியாவில் ஆயுத உரிமம் வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். சிலாங்கூர் மாநிலத்தில் அவரது தலைமையகம் ஷா ஆலத்தில் உள்ளது. பிரிட்டனைப் போன்ற பட்டியல் இல்லாத நிலையில், கைப்பற்றிய பொருள் என்ன வேலை செய்கிறது என்பதை ஆயுத நிபுணர் சோதித்துச் சாட்சி சொல்ல வேண்டியுள்ளது. அதை வாங்கியவருக்கோ, பொருள் ஆயுதமா இல்லையா என்பது வழக்கு முடியும்போதுதான் உறுதியாகிறது.