பிரிவு 66 வழக்கு (நெகிரி செம்பிலான்)

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் 1992ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தில் உள்ள 66ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவிக்கக் கோரி, முஸ்லிம் திருநங்கையர் மூவர் நடத்திய வழக்கு இது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. 2015இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த வெற்றி பறிபோனது. பாலின அடையாளத்தையும் சமூக நீதியையும் மலேசியச் சூழலில் படிக்க விரும்புவோர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கு இதுவே.

சட்டம்

பொது இடத்தில் பெண்ணுடை அணியும் அல்லது பெண்போல் நடந்துகொள்ளும் ஆணை 66ஆம் பிரிவு குற்றவாளியாக்குகிறது. 1,000 ரிங்கிட் வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாநிலச் சட்டம் என்பதால் சிரம்பானிலும் பஹாவிலும் லுக்குட்டிலும் ஒன்றுபோல் செல்லும். முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். 2014 ஜூனில் பஹாவில் நடந்த திருமண விருந்து ஒன்றில் சமய இலாகா அதிகாரிகள் நுழைந்து பத்துக்கும் மேற்பட்ட திருநங்கையரைக் கைது செய்தனர். கல்யாண வீட்டுக்குப் போவதுகூட இவர்களுக்கு ஆபத்தாக இருந்தது.

வழக்கின் போக்கு

ஒப்பனைத் தொழில் செய்துவந்த மனுதாரர் மூவருக்காக வழக்கறிஞர் ஆஸ்டன் பைவா வாதாடினார். வழக்குச் செலவுக்கு நிதி திரட்ட ‘ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ்’ என்ற குழு உருவானது. 2012 அக்டோபரில் சிரம்பான் உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

2014 நவம்பர் 7 அன்று நீதிபதி முகமட் ஹிஷாமுடின் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அதை மாற்றியது. கண்ணியமாக வாழும் உரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், பாலினப் பாகுபாட்டிலிருந்து காப்பு, நடமாடும் சுதந்திரம், கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் ஆகிய ஐந்தையும் 66ஆம் பிரிவு மீறுகிறது என்று அமர்வு தீர்ப்பளித்தது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சொல் அரசியலமைப்பின் 8(2)ஆம் விதியில் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. வேலைக்காக வீட்டைவிட்டு வெளியே வந்தாலே கைதாகும் நிலையில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு முதன்முறையாக நீதிமன்றம் செவிசாய்த்தது.

மருத்துவர்களின் சான்றுகளோடு சமூகவியலாளர் தே யிக் கூனின் சான்றும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. மலேசியத் திருநங்கையரின் வேலை, குடும்பம், துன்பம் பற்றி நேர்காணல்கள் வழி ஆராய்ந்து 2002இல் நூல் வெளியிட்டவர் அவர். பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, பத்தாண்டுகளுக்குப் பின் மூன்று பேரின் உரிமைக்குச் சாட்சியாக வந்து நின்றது. இத்தகைய படிப்பால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

வெற்றி பதினொரு மாதங்களே நிலைத்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்ய, 2015 அக்டோபர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டுமானால் 4(4)ஆம் விதியின்படி கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் முன்அனுமதி பெற வேண்டும். மனுதாரர்கள் வந்த வழி தவறு என்பதே காரணம். உடைக்காக ஒருவரைச் சிறையிலடைப்பது நியாயமா என்பதற்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை.

அதே 4(4)ஆம் விதியின் வழியே சென்ற வேறொரு வழக்கில், 2021 பிப்ரவரி 25 அன்று சிலாங்கூர் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 28ஆம் பிரிவை ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் செல்லாது என்றனர். ‘இயற்கைக்கு மாறான’ பாலுறவு என்று சட்டம் குறிப்பிடுவதைத் தண்டித்த பிரிவு அது. ஆனால் அங்கும் அடிப்படையாக அமைந்தது மாநிலத்தின் சட்டமியற்றும் எல்லையே. மனித உரிமை அல்ல.

தமிழர்களும் இவ்வழக்கும்

ரப்பர்த் தோட்டக் குடும்பங்களின் வழிவந்த லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். 66ஆம் பிரிவு அவர்களைத் தொடாது. ஆயினும் அத்தகைய பாலுறவைத் தண்டிக்கும், நாடு முழுமைக்குமான தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் எல்லா மதத்தினருக்கும் உரியவை. இவற்றின் வேர், பிரிட்டிஷார் 1860இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. வயதுவந்தோரின் சம்மத உறவைப் பொறுத்தவரை அந்த வேரை இந்திய உச்சநீதிமன்றம் 2018இல் வெட்டியது. மலேசியாவில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அடையாள அட்டையும் எல்லா மதத்தினரையும் தொடும்: அதன் எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. வேலை கேட்டோ வாடகை வீடு தேடியோ போகும் தமிழ்த் திருநங்கை, அட்டையை நீட்டும்போதெல்லாம் தன் தோற்றத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008இல் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டில் வந்த மலேசியத் தீர்ப்பை இதனோடு ஒப்பிட்டுப் படிப்பது பயன் தரும்.

பாடமாக

இவ்வழக்கைப் படிக்கச் சட்டக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2001 முதல் இயங்கும் சமூகக் கல்லூரிகளுக்குக் கைத்தொழில் கற்க வரும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் இது சொல்லித்தரத் தக்கது. மனுதாரர்களும் கைத்தொழிலால் பிழைத்தவர்களே. சட்டம் எப்படிப் பிறக்கிறது, யாரைத் தொடுகிறது, அதை எந்த வழியில் கேள்வி கேட்பது ஆகிய மூன்றையும் ஒரே வழக்கில் கற்கலாம். 66ஆம் பிரிவின் நியாயத்தைக் கூட்டரசு நீதிமன்றம் இன்னும் எடைபோடவில்லை. அடுத்த மனுவை எழுதப்போகிறவர்களுக்கு இந்தப் பாடம் இன்றே தேவை.