அச்சேறாத மஞ்சள்

வெட்டுக்காயத்தில் மஞ்சள்தூளை வைத்து அமுக்குவது அறிவா, வெறும் பழக்கமா? 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இதற்கொரு பதில் சொன்னது: மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் கண்டுபிடிப்பு. எண் 5,401,504. கண்டுபிடித்தவர்கள் சுமன் தாஸ், ஹரிஹர் கோலி. இரண்டுமே நம்மூர்ப் பக்கத்துப் பெயர்கள்தான்.

1996-இல் இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். மறுத்து வழக்காடியது. 1997 ஆகஸ்டில் உரிமைகள் நிராகரிக்கப்பட்டன. தேசத்தின் வெற்றியாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். எதைக் காட்டி வென்றார்கள் என்பதில்தான் என் அக்கறை. 32 ஆவணங்கள்: சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், 1953-இல் இந்திய மருத்துவக் கழக இதழில் வந்த ஒரு கட்டுரை. ஏன் எல்லாமே காகிதம்? அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு அப்படி. அமெரிக்காவுக்குள் வழக்கத்தில் இருந்தால் அதுவே சாட்சி. வெளிநாட்டில் என்றால் அச்சிலோ காப்புரிமையிலோ இருந்தாக வேண்டும். 2013 மார்ச்சில் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை இதுதான் நிலை.

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை என்றொரு ஊர். அங்கே ஒரு மலையாளிக் கிழவி (கேரளத்தார் அல்ல, சேர்வராயன் மலைப் பழங்குடி) "ரத்தம் வருதா, மஞ்சத்தூள வெச்சு அமுக்குடா" என்று பேரனிடம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருந்தாலும் அந்தச் சட்டத்தின் முன் அவள் வாயே திறக்கவில்லை. அமெரிக்கக் கிழவி சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும்!

இந்த மலை எழுத்தில் ஏறியதும் இப்படித்தான். காப்பிக்கு ஆள் தெரியும்: 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கும் எஸ்டேட் கணக்கில் எடை உண்டு, விலை உண்டு. லைன் வீட்டு அடுப்பில் அதே மிளகு சளிக்கு ரசமாகிற கதைக்கு அங்கே பத்தி கிடையாது.

ஆய்வகம் வேறு மொழியில் பேசுகிறது. மிளகின் பைப்பரின், மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் சேர்வதை 2000 சதவீதம் கூட்டுவதாக 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆய்வு சொன்னது. குர்குமினை மருந்தாக நிறுவிய கட்டுப்பாட்டுச் சோதனை எதுவுமில்லை என்று 2017-இல் வேதியியலாளர்கள் திறனாய்ந்து எழுதினார்கள். உடனே "பாட்டி வைத்தியம் பொய்" என்று குதிப்பானேன்? மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் போலத்தான். அவள் குர்குமின் மாத்திரை தரவில்லை. புற்றுநோய் தீரும் என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னது டப்பாவில் அடைத்து விற்கிறவன்.

2001-இல் துவங்கிய மரபறிவு மின்நூலகத்தில் சித்த மருத்துவமும் உண்டு. ஏடுகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் எடுத்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தருகிறார்கள். காப்புரிமை அலுவலர் வாசிக்க வேண்டுமல்லவா. களவைத் தடுக்க அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் திருத்தப்பட்ட உயிரியற் பல்வகைமைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிற இந்தியர்கள், அந்த அறிவைக் காத்த சமூகங்களுக்குப் பலனில் பங்கு தர வேண்டியதில்லை. எழுத்தில் இல்லை என்று அமெரிக்கச் சட்டம் கிழவியை வெளியே நிறுத்தியது. எழுத்தில் ஏறிவிட்டது என்று நம் சட்டம் நிறுத்துகிறது.