பல்லுறுப்புக் கோவையின் படி வரிசை

பல்லுறுப்புக் கோவையின் உறுப்புகளைப் படிகளின் இறங்கு வரிசையில் எழுதும் முறை இந்திய இயற்கணிதத்தில் தொன்மையானது. பிரம்மகுப்தர் 628-இல் இயற்றிய பிராமஸ்புட சித்தாந்தத்துக்கு 9-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பிருதூதகசுவாமி, ஒரு சமன்பாட்டின் இரு பக்கங்களையும் இவ்வாறு அமைத்தார்:

யாவ 0 யா 10 ரூ 8̇
யாவ 1 யா 0 ரூ 1

இதில் ‘யா’ தெரியாத எண், ‘யாவ’ அதன் வர்க்கம், ‘ரூ’ மாறிலி. எண்ணின் மேலுள்ள புள்ளி குறை எண்ணைக் குறிக்கும். இல்லாத உறுப்புக்கும் 0 இட்டதால் ஒத்த படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கீழ்வரியிலிருந்து மேல்வரியைக் கழித்தால் கெழுக்கள் 1, −10, 9 என வரும். தீர்வுகள் 1, 9. இன்றும் தொகுமுறை வகுத்தலில் விடுபட்ட படிக்கு 0 இடாவிட்டால் விடை தவறும்.