120-ஆம் எண் படச்சுருள்

காமிரா வாங்கப் புகும்போது நாம் முதலில் வினவுவது விலையை. அதனினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: அதற்குரிய படச்சுருள் கிடைக்குமா? விடை வரலாற்றில் இருக்கிறது.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 'பிரௌனி' என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. செல்வர்க்கே உரியதாயிருந்த கலை சிறுவர் கைக்கும் எட்டிற்று. மறு ஆண்டு இரண்டாம் பிரௌனிக்கென வந்ததே 120-ஆம் எண் சுருள். பின்னர், 1930-களில், அதே அகலமுள்ள படச்சுருளை மெல்லிய தண்டில் சுற்றி, 620 என்னும் எண்ணுடன் அந்நிறுவனம் வெளியிட்டது. 1995-இல் அதனை நிறுத்திவிட்டது. பழுதற்ற காமிராக்கள் பல அன்றுமுதல் பட்டினி கிடக்கின்றன. இருட்டறையில் 120-ஐ அத்தண்டுக்கு மாற்றிச் சுற்றும் பொறுமையுடையோர்க்கே அவை பயன்படும். 120-ஆம் எண் சுருளோ இன்றும் விற்பனையில் உள்ளது.

டில்லியில் ஹோமாய் வியாரவாலா அம்மையார் கையாண்ட ரோலைஃபிளெக்ஸ் விலையுயர்ந்தது. சோவியத் நாட்டு லூபிடெல் எளியோர்க்கென அமைந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஆக்ஃபா கிளிக் 3 அதனினும் எளியது. மூன்றும் ஏற்றது ஒரே சுருளை. மூன்றும் தந்தவை பன்னிரண்டு சதுரப் படங்கள். 35 மில்லிமீட்டர் படத்தைவிட அச்சதுரம் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெரிது. ஆதலின் எளிய கண்ணாடியும் தெளிவான படம் தந்தது. பெரிதாக்காமலே அச்சிட்டு, ஊருக்கு எழுதும் கடிதத்தோடு வைத்தனுப்ப முடிந்தது.

புதிதாகப் பணம் செலவிடுமுன், வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழங்காமிராவின் பின்மூடியைத் திறந்து பார்ப்போம். உள்ளே 120 என்றிருந்து, மூடித்திறக்கும் விசையும் இயங்குமாயின், நமக்கேற்ற முதற் காமிரா அதுவே.