சங்கு, குழாய், வீட்டு மூலை: ஹார்ன் ஸ்பீக்கர் வளர்ந்த கதை

புதுக்கோட்டை என்றதும் மன்னர் ஆண்ட புதுக்கோட்டையை நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறதே, அந்தப் புதுக்கோட்டை. அந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் கொடை என்றால் சாமிக்கு முன்னால் வந்து சேர்வது குழாய்தான். மைக்செட்காரர் மரத்தில் ஏறி அதைக் கட்டிவிட்டு இறங்கினால், எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும்.

அந்தக் குழாய்க்குப் பணக்கார அண்ணன் ஒருவன் உண்டு. ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் மரப்பெட்டி, விலை பல லட்சம், இருப்பது வெளிநாட்டு வரவேற்பறையில். தோற்றத்தில் சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். இவ்வளவு பெரிய சாமானை வீட்டுக்குள் எப்படி அடக்கினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குழாய் என்ன வேலை செய்கிறது?

இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டால் சத்தம் தூரமாகப் போகிறது அல்லவா? அதேதான். சாதாரண ஸ்பீக்கரில் ஒரு தாள் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. காற்று மிகவும் லேசானது என்பதால், பிடிமானம் இல்லாமல் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி வீணாகிறது. கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு சத்தமாக மாறினாலே அதிகம், மீதியெல்லாம் சூடு! முன்னால் ஒரு குறுகிய குழாயை வைத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போனால், ஆடும் தகட்டுக்குக் காற்று நல்ல பிடிமானம் தருகிறது. அப்போது நூற்றில் 20, 30, சில சமயம் 50 பங்குகூடச் சத்தமாகிவிடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கும் சங்கு இயற்கை செய்த ஹார்ன்தான். நுனியை வெட்டி உதட்டை வைத்து ஊதினால், உள்ளே புரிபுரியாகச் சுற்றி விரியும் பாதை வழியாகச் சத்தம் வெளியே வருகிறது. நீளமான குழாயைச் சுருட்டிக் கைக்குள் அடக்கியிருக்கிறது இயற்கை. மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1914ல் இந்தச் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இங்கே எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போனது. நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அணசும் இந்தக் குடும்பம்தான்.

கூட்டு வட்டிக் கணக்கு

மின்சாரம் இல்லாத கிராமபோன் காலத்தில் குழாய் இல்லாமல் பாட்டே இல்லை. ஊசியின் அசைவை அறை முழுக்கக் கேட்கச் செய்ய வேறு வழி கிடையாது. கிட்டப்பாவின் பாட்டும் கே.பி.சுந்தராம்பாளின் பாட்டும் இசைத்தட்டு வழியாக வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான்.

ஆனால் பெரிய குழாய் தூசி பிடிக்கும், இடத்தை அடைக்கும், வருகிறவர் போகிறவர் மேல் இடிக்கும். 1906ல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி குழாயை மடக்கி அலமாரிக்குள் மறைத்து, முன்னால் கதவு வைத்தது. அதுதான் விக்ட்ரோலா. கதவைச் சாத்தினால் சத்தம் குறையும். பார்க்க அழகாக இருந்தது, கேட்கத்தான் அவ்வளவு சுகமில்லை. குழாய் எந்த வடிவத்தில் விரிய வேண்டும் என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாததுதான் காரணம்.

அதற்கான கணிதத்தை ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919ல் வெளியிட்டார். 1924ல் ஹன்னா, ஸ்லெபியன் என்ற இரு பொறியாளர்கள் நேராக விரியும் புனலைவிட 'எக்ஸ்பொனன்ஷியல்' வடிவம் மேல் என்று காட்டினார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம், கூட்டு வட்டிதான். வங்கியில் போட்ட பணம் குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாவது போல, குழாயின் பரப்பும் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இந்தக் கணக்கை வைத்து 1925ல் மேக்ஸ்ஃபீல்டு, ஹாரிசன் இருவரும் வடிவமைத்ததுதான் ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா. அதே அலமாரி, அதே மடிப்பு, ஆனால் குழாய் கணக்குப்படி விரிந்தது. மின்சாரமே இல்லாமல் அதுவரை கேட்காத கீழ்ச்சுரங்கள் கேட்டன. இங்கிலாந்தில் ஈ.எம்.ஜி. என்ற சிறிய கம்பெனி நேர்மாறாகப் போனது. மறைக்கவே இல்லை, காகிதக் கூழில் இரண்டடிக்கு மேல் அகலமான வாய் வைத்து, அறையின் நடுவில் பெரிய பூ மாதிரி நிறுத்தியது!

20 அடிக் குழாயை எங்கே வைப்பது?

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். மிருதங்கத்தின் தொப்பி, பெரிய மேளம் போன்றவை சரியாகக் கேட்க 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும். அந்த அலையின் நீளம் சுமார் 8.6 மீட்டர். குழாயின் வாய்ச் சுற்றளவு ஏறக்குறைய அலையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் வாயின் விட்டம் 9 அடி! பரப்பு சுமார் 64 சதுர அடி. இந்தக் குழாயின் பரப்பு ஒன்றரை அடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு சதுர அங்குலத் தொண்டையில் தொடங்கினால், வாய்க்கு வந்து சேர 20 அடி நீளம் வேண்டும். நடுத்தரக் குடும்பத்து வீட்டில் குழாயை வைத்துவிட்டுக் குடும்பம் திண்ணைக்குப் போக வேண்டியதுதான் :)

மரத்தில் கட்டும் குழாய் இந்தச் சிக்கலைத் தாண்டவில்லை, விட்டுக்கொடுத்துவிட்டது. உள்ளே சத்தம் முன்னால் போய், பின்னால் திரும்பி, மறுபடி முன்னால் வருகிறது, ஏறக்குறைய சங்கு மாதிரியே. ஆனால் வாய் சிறியது என்பதால் கீழ்ச்சுரங்கள் வராது. குரல் மட்டும் கணீரென்று வரும். அறிவிப்புக்கும் அரசியல் கூட்டத்துக்கும் அது போதும். வீட்டில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பவருக்குப் போதாது.

சினிமாக் கொட்டகைக்கு இடப் பஞ்சம் இல்லை, வாட் பஞ்சம்தான் இருந்தது. பேசும்படம் வந்த காலத்தில் ஆம்ப்ளிஃபையரின் சக்தி ஒரு சில வாட்தான். 1926ல் வென்ட்டி, துராஸ் என்ற பெல் ஆய்வகப் பொறியாளர்கள் உருவாக்கிய டிரைவரைப் பெரிய ஹார்னோடு சேர்த்ததால், அந்தச் சில வாட்டில் ஒரு அரங்கமே நிரம்பியது. 1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது உலகத் திரையரங்குகளில் ஹார்ன்தான் ராஜா.

மூலையில் கிடைத்த விடை

வீட்டுக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பால் வாய்ட். 1920களின் நடுவிலேயே 'டிராக்ட்ரிக்ஸ்' என்ற வேறு வளைவைக் கையாண்டார். வாயருகே வேகமாக விரிவதால் இதில் நீளம் குறையும். 1930களில் வீட்டு மூலையில் வைப்பதற்கென்றே ஒரு ஹார்னை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

மூலையில் என்ன விசேஷம்? நடு ஆகாயத்தில் தொங்கும் ஸ்பீக்கரின் சத்தம் எல்லாப் பக்கமும் போக வேண்டும். தரையில் வைத்தால் பாதி ஆகாயம்தான். சுவரோடு ஒட்டினால் கால், இரு சுவர் சேரும் மூலையில் வைத்தால் எட்டில் ஒன்று. 64 சதுர அடி வாய் வேண்டிய இடத்தில் 8 சதுர அடி போதும்! அதாவது வீட்டின் சுவரே குழாயின் மீதிப் பகுதியாகிவிடுகிறது. தச்சருக்குக் கூலி கொடுக்காமல் கொத்தனார் ஏற்கனவே கட்டி வைத்த ஹார்ன்.

இந்த யோசனையை முழுமையாக்கியவர் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் (1904-2002). சிலியில் மின்சார ரயில் எஞ்சின், டெக்சாஸில் எண்ணெய் தேடும் வேலை, போர்க்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் ராணுவ வேலை என்று பல இடம் சுற்றியவர். 1946ல் அதே ஹோப்பில் கம்பெனி தொடங்கினார். அவருடைய 'கிளிப்ஷ்ஹார்ன்' பெட்டிக்குள் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று ஒளிந்திருக்கும். அதன் சத்தம் மரத்தடுப்புகளுக்குள் மடங்கி மடங்கி வந்து, இரு பக்கமும் சுவரை ஒட்டி வெளியேறும். மேல்சுரங்களுக்குத் தனிச் சிறு ஹார்ன்கள்.

1 வாட் கொடுத்தால் சுமார் 105 டெசிபல் சத்தம் என்று கம்பெனி சொல்கிறது. 85 டெசிபல் தரும் சாதாரணச் சிறு பெட்டி அதே சத்தத்தை எட்ட 100 வாட் வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. ஆடும் தகடு குறைவாகவே ஆடினால் போதும், அதனால் ஒலிச் சிதைவும் குறைகிறது. கிளிப்ஷ் வாழ்நாள் முழுக்க வாதாடியது இதற்காகத்தான்.

சரிவும் திருத்தங்களும்

1950களில் ஜே.பி.எல்.லின் ஹார்ட்ஸ்ஃபீல்டு, டானாயின் ஆட்டோகிராஃப் என்று இன்னும் பெரிய மூலை ஹார்ன்கள் வந்தன. அதே சமயத்தில் எதிரியும் வந்தான். 1954ல் எட்கர் வில்ச்சர் அடைத்த சிறு பெட்டியில் ஆழமான கீழ்ச்சுரம் தரும் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதற்கு நிறைய வாட் வேண்டும். ஆனால் வாட்டின் விலை இறங்கிக்கொண்டிருந்தது, டிரான்சிஸ்டர் வந்த பிறகு இன்னும் இறங்கியது. வீட்டில் இடத்தின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. விலை குறைந்த பொருளை அதிகம் செலவழித்து, விலை ஏறிய பொருளை மிச்சம் பிடிப்பதுதானே வாங்குபவர் வழக்கம்? 1958ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததும் ஒன்றுக்குப் பதில் இரண்டு காலி மூலைகள் தேவைப்பட்டன. ஒரு மூலையில் கதவு இருக்கும், இன்னொன்றில் பீரோ இருக்கும்.

ஆனாலும் ஹார்ன் சாகவில்லை. பழைய ஹார்னில் மேல்சுரம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கு மங்கும். இதைச் சரிசெய்ய 1975ல் டான் கீல், எல்லாச் சுரங்களும் ஒரே அகலத்தில் பரவும் ஹார்னை வடிவமைத்தார். தகடுகள் அலுமினியத்திலிருந்து டைட்டானியத்துக்கும் பெரிலியத்துக்கும் மாறின. 2019ல் வந்த கிளிப்ஷ்ஹார்னில் பின்பக்கம் முழுதும் அடைக்கப்பட்டுவிட்டதால், முன்பு போல மூலைச் சுவரோடு இறுக ஒட்டி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணிக்க வருடக்கணக்கான அனுபவம் தேவைப்பட்டதை இன்று 'ஹார்ன்ரெஸ்ப்' என்ற இலவச மென்பொருளில் ஒரு மாணவர்கூட ஒரே மாலையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குழாயின் குற்றம் என்ன?

ஊருக்குத் திரும்புவோம். 105 டெசிபல் திறனுள்ள குழாய்க்கு 30 வாட் கொடுத்தால், திறந்தவெளியில் 100 மீட்டர் தள்ளியும் கணக்குப்படி சுமார் 80 டெசிபல் இருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ம் ஆண்டு விதிகள் அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. 2005ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி கட்டக்கூடாது என்ற நிபந்தனை நம் ஊர் விழா அனுமதிகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கும் அது நியாயம்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வரவேற்பறையில் எந்தக் குணத்துக்காக லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்களோ, அதே குணம்தான் மரத்தில் குற்றமாகிறது: குறைந்த சக்தியில் நிறையச் சத்தம். மின்சாரமே எட்டாத ஊருக்கும் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு பாட்டைக் கொண்டுபோனது அந்தக் குணம்தான். அடுத்த முறை எங்காவது ஒரு பழைய குழாய் கண்ணில் பட்டால் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் இன்னொரு குழாய் தெரியும். அந்த மடிப்புக்குள் நூறு வருடக் கணக்கு இருக்கிறது.