மதிப்பெண் நிறையும் படிப்பு நேரமும்: தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு பாடத்திற்கு மாணவர் ஒதுக்கும் நேரத்தை அப்பாடத்தின் கடினமோ பயனோ மட்டும் முடிவு செய்வதில்லை. இறுதிக் கணக்கில் அது பெறும் நிறையும் முடிவு செய்கிறது. வழக்கில் ‘வெயிட்டேஜ்’ எனப்படும் இந்நிறை, தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் எழுதப்படாத கால அட்டவணையாகச் செயற்பட்டதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சான்றிதழ்க் கணக்கும் சேர்க்கைக் கணக்கும்

1978இல் புகுமுக வகுப்பிற்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. இதன் இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வு, பாடத்திற்கு 200 வீதம் ஆறு பாடங்களுக்கு 1200 மதிப்பெண் என நெடுங்காலம் அமைந்திருந்தது. சான்றிதழில் ஆறு பாடங்களும் நிகரானவை. பொறியியல் சேர்க்கைக்கான ‘கட்-ஆஃப்’ கணக்கிலோ கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் தலா 50க்கும் சுருக்கப்பட்டன. மருத்துவச் சேர்க்கையில் கணிதத்தின் இடத்தை உயிரியல் பெற்றது.

பொறியியல் நாடும் மாணவர் கணிதத்தில் கூடுதலாக 10 மதிப்பெண் பெற்றால் கட்-ஆஃப் 5 உயரும். இயற்பியலில் பெற்றால் 2.5 உயரும், தமிழில் பெற்றால் உயர்வு ஏதுமில்லை. மொழிப்பாடங்கள் இரண்டிற்குமான 400 மதிப்பெண்ணும் இக்கணக்கில் சுழியே. தேர்ச்சிக்குரிய 70 மதிப்பெண்ணுக்கு மேல் தமிழுக்குச் செலவிடும் நேரம் சேர்க்கைக்கு உதவாத நேரமாயிற்று. மொழியறிவைக் குறைத்து மதிப்பிட எவரும் ஆணையிடவில்லை. கணக்கிடும் முறையே அவ்வாறு கற்பித்தது. மொத்த மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட மாநிலத் தரவரிசையே மொழிப்பாடங்களுக்கு எஞ்சிய ஊக்கமாக இருந்தது. 2017இல் அத்தரவரிசை அறிவிப்பும் கைவிடப்பட்டது.

நுழைவுத்தேர்வு நீக்கம்

1984 முதல் நடைபெற்ற தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு, பள்ளித் தேர்வின் 200உடன் 100 மதிப்பெண்ணைச் சேர்த்துக் கட்-ஆஃபை 300 ஆக்கியது. பயிற்சி மையங்களுக்குச் செல்ல இயலாத ஊரக மாணவர்க்கு இது தடை என்ற வாதம் வலுப்பெற்றது. மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்ட 2006ஆம் ஆண்டுச் சட்டம், 2007இல் நடைமுறைக்கு வந்து நுழைவுத்தேர்வை நீக்கியது. சமூகநீதி நோக்கில் இது குறிப்பிடத்தக்க மாற்றம். எனினும், சேர்க்கைக்குரிய நிறை முழுவதும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வொன்றின்மீதே குவிந்தது.

பதினொன்றாம் வகுப்பு

நிறை பெறாத பதினொன்றாம் வகுப்பு நேரத்தையும் இழந்தது. பள்ளிகள் பலவும் அவ்வகுப்புப் பாடங்களை ஒதுக்கி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டும் நடத்தின. இதனால் இரு ஆண்டுப் பாடங்களையும் உள்ளடக்கிய தேசிய நுழைவுத்தேர்வுகளில் மாணவர் இடர்ப்பட்டனர். இதனைக் களைய, 2017-18 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பாடத்திற்கு 100 வீதம் ஆண்டொன்றுக்கு 600 என ஈராண்டிற்கும் 1200 மதிப்பெண் வகுக்கப்பட்டது. ஆயினும் 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மதிப்பெண்ணே போதும் என அரசு அறிவித்தது. மாணவரின் மன அழுத்தத்தைக் குறைப்பது இதன் நோக்கம். தேர்வு அப்போது தொடர்ந்தது; அதற்குச் சேர்க்கையில் தரப்பட்ட நிறை நீங்கியது. பாடத்திற்குரிய நேரத்தை மீட்க வந்த சீர்திருத்தம், அந்நேரத்தை ஈர்க்கும் விசையை ஓராண்டிலேயே இழந்தது.

முடிவுரை

பல்கலைக்கழக மானியக்குழு 2015இல் பரிந்துரைத்த விருப்பப் பாடத் தெரிவு முறையில், வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட் ஆகிறது. அங்கு நேரம் நிறையை வகுக்கிறது. மேல்நிலைக் கல்வியில் நிறை நேரத்தை வகுத்தது. முன்னதில் மாணவர் நேரத்தைத் திட்டமிட வெளிப்படையான அளவுகோல் உண்டு. பின்னதில் அதனைச் சேர்க்கைக் கணக்கிலிருந்தே உய்த்துணர வேண்டியிருந்தது. பயிற்சி மையமும் பட்டறிவுள்ள பெற்றோரும் வாய்த்தவர்க்கு இது எளிது. முதல் தலைமுறை மாணவர்க்கு அரிது. ஆகவே பாடத்திட்டச் சீர்திருத்தம் எதுவும், சேர்க்கைக் கணக்கு அப்பாடத்திற்குத் தரும் நிறையையும் உடன் சீர்தூக்கினாலன்றி வகுப்பறை நேரத்தை மாற்றாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.